வேலிக்கு அந்தப் பக்கம் வெளிநாடு

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், விமான நிலையத்தில் அழுத கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவு, அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் இவர்கள். எனக்கு அப்படியொரு கதை கிடையாது. நான் அழுதது பிலிமத்தலாவையில், பக்கத்து வீட்டுக் குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. (வெங்காயத்தால் வந்த கண்ணீர்தான் என்று பௌசியா மாமி இன்றைக்கும் எனக்காகச் சாட்சி சொல்வார்.)

இது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா கண்டி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர். ஒரு தடவை கலகெதர பஸ்ஸின் கண்டக்டர் தேநீர்க் கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தபோது பஸ் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. டிரைவருக்கு போன் பண்ணித் திருப்பச் சொல்லலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். "எடுத்த பஸ்ஸ திருப்ப முடியாதுங்க. இவர அடுத்த பஸ்ல ஏத்தி விடுறேன்" என்றாராம் அப்பா. கண்டக்டர் தன்னுடைய பஸ்ஸை இன்னொரு பஸ்ஸில் துரத்திக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவருக்குப் பஞ்சாங்கத்தின் மேலும் நம்பிக்கை இருந்தால் வீடு என்ன ஆகும்? எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்ல முடியாது, படி இறங்கிய பிறகு திரும்பி வர முடியாது, இறங்குகிறவரிடம் 'எங்க போற?' என்று யாரும் கேட்க முடியாது. முதல் வருடம் எனக்கு விசா மறுக்கப்பட்டபோது, தூதரகம் ஏதோ காரணம் சொன்னது. அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. நேர்முகத்துக்குக் கொழும்புக்குக் கிளம்பிய அன்று நான் குடையை மறந்து, பாதி வழியில் திரும்பி வந்து எடுத்திருந்தேன். "குடைக்காக ஒரு வருஷத்த விட்டுட்ட" என்று மட்டும் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது வருடம் மறுபடியும் இடம் கிடைத்தது. வடக்கே ஒரு குளிர் நாட்டில், நகரத் திட்டமிடல் படிக்க. எங்கள் குடும்பத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்ததே அப்பாவோடுதான். அதற்கு அடுத்த பயணம் இது. பல்கலைக்கழகம் ஒரு கடைசித் திகதி சொல்லியிருந்தது. அதற்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. மூன்றாவது தடவை கேட்க எனக்கும் தெம்பில்லை, அவர்களும் தரமாட்டார்கள்.

இந்த முறை விசா கிடைத்துவிட்டது, கடவுச்சீட்டு புதன்கிழமை வந்துவிடும் என்று ஏஜென்சிக்காரர் போனில் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டோம். அங்கேதான் சிக்கல். கட்டுநாயக்க எங்களுக்கு மேற்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் அன்றைக்குப் பயணம் கிளம்பக்கூடாது.

அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, பழைய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். பரஸ்தானம். அதாவது, போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, போகும் திசையிலுள்ள வேறொரு வீட்டில் தங்கிவிட வேண்டும். பிறகு அங்கிருந்து எந்த நாளில் போனாலும் கணக்கு முதலில் கிளம்பிய நேரத்துக்குத்தான். சிலர் பெட்டியை மட்டும் அனுப்புவார்கள். அப்பா, "பெட்டிக்கா விசா கொடுத்தான்?" என்று கேட்டு என்னையும் சேர்த்து அனுப்பத் தீர்மானித்தார்.

எங்களுக்கு நேர் மேற்கே இருப்பது நிஸாம் நானாவும் அவர் மனைவி பௌசியா மாமியும் இருக்கும் வீடு. நடுவில் ஒரு தாழ்வான வேலி, ஒரு ஜம்பு மரம். நானாவுக்குக் கெலிஓயாவில் துணிக்கடை. அவருக்கு நல்ல நேரத்திலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் அப்பாவின் மேல் நம்பிக்கை உண்டு. "ஒரு நாளைக்குத் தானே. எங்கட ஊட்டுப் புள்ள தானே. வரட்டும்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் நான் வெளிநாடு கிளம்பினேன். விபூதி, தேங்காய், எலுமிச்சம்பழம், அம்மாவின் அழுகை என்று எதிலும் குறையில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, ரோட்டில் இறங்கி, அடுத்த கேட்டில் ஏறினேன். அங்கே நிஸாம் நானா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"விசா ஈக்கா?"

அந்தக் கேள்விதான் பிறகு என் உயிரை வாங்கியது. ஏனென்றால் விசா இன்னும் கைக்கு வரவில்லை. புதன்கிழமை வரவேண்டிய கடவுச்சீட்டு வியாழக்கிழமையும் வரவில்லை, வெள்ளிக்கிழமையும் வரவில்லை. விமானம் நான் இல்லாமல் போனது. ஏஜென்சிக்காரர் அடுத்த வாரம் என்றார். டிக்கெட்டை மாற்றினோம்.

சரி, வீட்டுக்குப் போகலாம் என்று பெட்டியை எடுத்தேன். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டித் தடுத்தார்.

"எங்க வார?"

"வீட்டுக்குப்பா."

"நீ போயிட்ட பாப்பா. போன ஆளு எப்புடி வாரது?"

வாதாடிப் பார்த்தேன். திரும்பி வந்தால் புதிதாக நேரம் பார்க்க வேண்டும், அடுத்த நல்ல நாள் கடைசித் திகதிக்கு அப்புறம்தான் வருகிறது என்று விளக்கினார். அவருடைய குரல் நடுங்கியதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. எனக்கு இருபத்தொரு வயது. அந்த வயதில் அப்பாவின் குரலை யார் கவனிக்கிறார்கள்? காலை உதைத்துக்கொண்டு மாமியின் வீட்டுக்குள் திரும்பினேன்.

இதைவிடப் பெரிய அவமானம் ஒன்று காத்திருந்தது. கிளம்புவதற்கு முன்பு நான் ஊர் முழுக்க விடைபெற்றிருந்தேன். சும்மா அல்ல. டியூட்டரியில் படிப்பித்த சேரின் காலில் விழுந்து, கோயிலில் அர்ச்சனை செய்து, கண்டி வாவிக்கரையில் தோழிகளோடு கட்டிப்பிடித்துப் படமெடுத்து, 'சிறகு முளைத்தவள் பறக்கத்தான் வேண்டும்' என்று ஸ்டேட்டஸ் போட்டு. (அந்த வரியை அழித்துவிட்டேன். தோழிகள் அழிக்கவில்லை.) இப்போது சிறகு முளைத்தவள் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே குனிந்து நடந்துகொண்டிருந்தாள். ஒருத்தி, 'அங்க குளிரா?' என்று கேட்டிருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. 'சரியான குளிர்' என்று பதில் போட்டேன்.

முற்றத்துக்குப் போவதென்றால் மாமியின் சால்வையைத் தலையில் போட்டுக்கொள்வேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் கேட்டாராம், யார் அந்தப் பெண் என்று. மாமிக்குப் பொய் வராது. "வெளிநாட்டுப் பயணம் வந்த புள்ள" என்று சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் நான் நடத்தப்பட்ட விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து புகுந்து புறப்பட்ட வீடு அது. அவர்கள் மகள் ஸீனத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். ஆனால் விளையாடப் போவது வேறு, தங்குவது வேறு. முகம் துடைக்க எந்தத் துவாய் என்னுடையது, விடியற்காலை பாங்கு சொல்லும்போது எழுந்திருப்பதா படுத்திருப்பதா, சாப்பிட்ட கோப்பையை நான் கழுவலாமா, கழுவினால் மாமி கோபிப்பாரா? ஒன்றுமே தெரியவில்லை. மாமியும் திண்டாடினார். வெள்ளிக்கிழமை எனக்கு மரக்கறிதான் என்று அம்மா சொல்லியிருந்ததால், தனிச் சட்டி, தனி அகப்பை. நானா மட்டும் தினமும் காலையில் நான் குளித்துவிட்டு வெளியே வந்ததும் கையை நீட்டுவார், விசா கேட்டு.

வேலை முடிந்ததும் அப்பா என்னைப் பார்க்க வருவார். வேலிக்கு மேலால் கூப்பிடலாம். கூப்பிடமாட்டார். ரோட்டில் இறங்கி, நானாவின் கேட்டைத் தட்டி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னறைக் கதிரையின் நுனியில் உட்காருவார்.

"சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"ம்."

"இங்க மழையா?"

"உங்க வீட்டுல மழை இல்லையாப்பா?"

"அங்கயும் தான்" என்பார், மிகவும் மரியாதையாக.

நான் எரிச்சலோடு உள்ளே போய்விடுவேன். அவர் நானாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார்.

ஸீனத்தின் அறை ஜன்னலைத் திறந்தால் எங்கள் வீடு தெரியும். குசினி, பின்வாசல், என் அறை எல்லாமே. முதல் இரண்டு நாள் கோபத்தில் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பொழுது சாய்கிற நேரத்தில் பார்த்தேன். அப்பா என் அறைக்குள் வந்து விளக்கைப் போட்டார். எதையாவது தேட வந்திருப்பார் என்று நினைத்தேன். ஒன்றையும் தேடவில்லை. மேசை பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கட்டில் விரிப்பை ஒரு முனையில் இழுத்துச் சரி செய்தார். விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனார். மறுநாளும் அதே நேரத்தில் விளக்கு எரிந்தது. அதற்கு மறுநாளும்.

வெளிநாடு போகிறவர்கள் யாருக்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. நான் போன பிறகு என் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன். அன்றைக்குத்தான் வெங்காயம் உரித்தேன். மாமி கேட்கவில்லை. தன்னுடைய பங்கு வெங்காயத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "மெதுவா உரிங்கோ மகள்" என்றார்.

இதற்கிடையில் பாடம் தொடங்கிவிட்டது. நேரில் வர முடியாதவர்கள் கடைசித் திகதி வரை இணையம் வழியாக வகுப்பில் கலந்துகொள்ளலாம். ஸீனத்தின் மேசைதான் என் விரிவுரை மண்டபம். முதல் வேலை எளிமையானது. இந்த வாரம் நீங்கள் நடந்த இடங்களை ஒரு வரைபடமாக வரைந்து வகுப்புக்குக் காட்ட வேண்டும். நான் எங்கே நடந்தேன்? குளியலறைக்கும் குசினிக்கும். அதை வெள்ளைக்காரர்களுக்குக் காட்ட முடியுமா? கண்டி வாவி, மாளிகை, பேராதனைப் பூங்கா, மகாவலி என்று நாலைந்து நிறத்தில் ஒரு படம் வரைந்தேன். சுற்றுலாத் துறைக்குக் கொடுத்திருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

என் முறை வந்தது வெள்ளிக்கிழமை பிற்பகல். நானா ஜும்மா முடிந்து வந்திருந்தார். வீடு முழுக்க புரியாணி மணம். விரிவுரையாளர் ஹெலேனா, நரைத்த முடியும் சிரித்த கண்ணும் உள்ள பெண்மணி, என் படத்தை வெகுவாகப் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நேற்று இதில் எந்த வழியாக நடந்தீர்கள்?

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. வேலிக்கு மேலால் தூக்குச்சட்டியோடு அம்மாவின் தலை தெரிந்தது.

"பாப்பா, சாம்பாரு கொண்டாந்திருக்கேன். அந்தச் சட்டில கவிச்சி பட்டுருக்கும், இதுல சாப்புடு."

வகுப்பு முழுவதும் அம்மாவைப் பார்த்தது. அம்மா வகுப்பைப் பார்க்கவில்லை. ஹெலேனா, யார் அவர் என்று கேட்டார். அம்மா என்றேன். அவர் ஏன் வெளியே நிற்கிறார்? அவர் வெளியே நிற்கவில்லை, அது எங்கள் வீடு. அப்படியானால் நீங்கள் இருப்பது? பக்கத்து வீடு. ஏன்? வாவியும் மாளிகையும் திரையில் பளபளத்துக்கொண்டிருந்தன.

ஹெலேனா மெதுவாகச் சொன்னார், அந்தப் படத்தை ஒதுக்கி வையுங்கள், இதை வரையுங்கள் என்று. வெள்ளைத் தாளில் இரண்டு பெட்டி போட்டேன். ஒன்று நான் இருக்கும் வீடு, ஒன்று என் வீடு. நடுவில் ஒரு கோடு. இந்தக் கோட்டை நான் தாண்ட முடியாது என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு பையன் மிகுந்த அனுதாபத்தோடு கேட்டான், காணித் தகராறா என்று. இன்னொருத்தி, நோய் ஏதாவதா என்றாள். நீதிமன்ற உத்தரவா என்று மூன்றாவது குரல்.

"இல்லை," என்றேன், "வெள்ளிக்கிழமை."

விளக்கத் தொடங்கினேன். சூலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? திசையில் ஒரு ஆயுதம் நிற்கும் என்றேன். யார் கையில் என்று கேட்டார்கள். இந்த நேரத்தில் கேட் தட்டும் சத்தம். காலை ஷிப்ட் முடிந்து அப்பா வந்துவிட்டார். வழக்கமாக முன்னறையோடு நிற்பவரை, நானா பெருமையோடு உள்ளே கூட்டி வந்தார். "யூனிவர்சிட்டி நடக்குது. வந்து பாருங்கோ."

திரையில் ஹெலேனாவைக் கண்டதும் அப்பா, தூதரகத்து அதிகாரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "குட் மோர்னிங் மேடம்" என்றார். (நமக்குப் பிற்பகல், அவர்களுக்குக் காலை. டைம் கீப்பர் அல்லவா, சரியாகத்தான் சொன்னார்.) பிறகு என்னிடம் திரும்பினார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"புள்ளயோட எடத்த வச்சிருப்பாங்களான்னு கேளு."

மொழிபெயர்த்தேன். கடைசித் திகதிக்குள் வந்தால் இடம் நிச்சயம், அதற்குப் பிறகு தன் கையில் இல்லை என்று ஹெலேனா உண்மையைச் சொன்னார். பிறகு அவர் கேட்டார், மகள் எப்போது கிளம்புகிறார்?

அப்பா கேள்வியைக் கேட்டுக் குழம்பிப் போனார். பதில் தெரிந்த கேள்வியை ஏன் கேட்கிறார் என்பது போலப் பார்த்தார்.

"அவ போயிட்டா மேடம்" என்றார். "போயி ஒரு வாரமாச்சு. அவ இல்லாம இருக்கப் பழகிக்கிட்டு இருக்கோம்."

இதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். முதல் இரண்டு வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன். மூன்றாவது வரவில்லை. அந்த ஒரு வாரமும் அந்தக் கதிரை நுனியில் உட்கார்ந்து, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அவர் கேட்டதெல்லாம் விளையாட்டில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதில் ஒழுங்காக நடிக்கக்கூட இல்லை. நானாவின் புரியாணி மணக்கிற அறையில், முன்பின் தெரியாத இருபது பேருக்கு முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். ஹெலேனா மொழிபெயர்ப்பைக் கேட்கவில்லை. அன்றைக்கு அதோடு வகுப்பை முடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கடவுச்சீட்டு வந்தது. கடைசித் திகதிக்கு முன்பே போய்விடலாம். நிஸாம் நானா கேட்டில் நின்று கடவுச்சீட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, விசாவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார். மெயின் ரோட்டுக்கு ஏற, வேன் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். நிறுத்துவார்களா என்று பார்த்தேன்.

"ஸ்டொப் இல்ல" என்றார் அப்பா, டிரைவருக்குப் பக்கத்தில் நேரே பார்த்தபடி. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் வாதாடவில்லை.

அந்த நாட்டில் மூன்று வருடம் இருந்தேன். புரியாத துவாய், புரியாத சட்டி எல்லாம் அங்கேயும் இருந்தன. ஏற்கெனவே ஒரு நாட்டில் பழகியிருந்ததால் சமாளித்தேன். தினமும் மத்தியானம் ஆனதும், இப்போது அங்கே பொழுது சாய்கிறது, என் அறையில் விளக்கு எரியும் என்று தெரியும். படித்துவிட்டு வந்தபோது வேன் எங்கள் வாசலில் நிற்கவில்லை. போன வழியாகத்தான் வர வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். முதலில் நானாவின் வீட்டில் இறங்கி, ஒரு பிளேன்டி குடித்துவிட்டு, பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் விருந்தாளிகள் யாராவது நான் எங்கே படித்தேன் என்று கேட்டால், நானா முந்திக்கொண்டு, "ரெண்டு நாட்டுல படிச்ச புள்ள" என்பார்.

இந்த வருடம் ஸீனத்துக்கு வெளிநாட்டில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. போவதற்கு முதல் நாள் எங்கள் கேட் தட்டப்பட்டது. நிஸாம் நானா பெட்டியோடு நின்றார். பின்னால் ஸீனத், அவளுக்குப் பின்னால் சால்வை முனையைக் கடித்துக்கொண்டு மாமி.

அப்பா திகைத்துப் போனார். "நானா, இது கிழக்கு. ஏர்போர்ட் மேற்கால இருக்கு."

"உலகம் உருண்ட தானே. சுத்திப் போவா" என்றார் நானா. "எங்களுக்கு நேரமெல்லாம் இல்ல. ஒரு ராவைக்கு வச்சிக்கொங்கோ. நாங்களும் கொஞ்சம் பழகோணும்."

அப்பா பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஸீனத்தின் முன்னால் கையை நீட்டி, விசா இருக்கா என்று கேட்டார். ஓய்வுபெற்ற பிறகு அவர் இவ்வளவு கம்பீரமாக நின்று நான் பார்த்ததில்லை.

அவளுக்கு என் பழைய அறையைக் கொடுத்தோம். சாயங்காலம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் ஜன்னலருகே நின்று தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுடைய அறையில் விளக்கு எரிந்தது. உள்ளே நானா நின்றுகொண்டிருந்தார்.

நான் இந்த அறை விளக்கைப் போடாமல் குசினிக்குத் திரும்பி, வெங்காயக் கூடையை எடுத்து வைத்தேன்.